மனத்துக்கும் கூலி வேண்டும்!

மாமல்லபுரத்துக்கு மேற்கே, கடலுக்குத் துணைபோவதுபோல ஒரு கால்வாய் நீண்டு கிடக்கிறது. பக்கிங்காம் கால்வாய்! 1877, 78-இல் பஞ்சம் வாட்டிய நாளில், சென்னை நகருக்குள் அதன் ஒரு பகுதியை வெட்டியவை பட்டினி கிடந்த கைகள். வெட்டிய கைகளின் பெயர் அதற்கு இல்லை. அன்றைய கவர்னரின் பெயர் இருக்கிறது. அதே பெயரைத் தாங்கிப் பெரம்பூரிலே ஓர் ஆலையும் எழுந்தது. பக்கத்திலே கர்நாடிக் ஆலை. இரண்டையும் சேர்த்து பி அண்டு சி மில் என்றார்கள்.

அந்த ஆலைக்குள்ளே நூலும் துணியும் மட்டுமல்ல, மனிதனும் இருக்கிறான், அவனுக்கு வயிறு இருப்பதுபோலவே மனமும் இருக்கிறது என்று உரக்கச் சொன்னவர் ஒருவர். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்ற சிற்றூர் பெற்றெடுத்த செல்வர். திரு.வி.க. என்று தமிழகம் அறிந்த திரு.வி. கலியாணசுந்தரனார்!

1883 ஆகஸ்டு 26-இல் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலே படித்தார். தமிழாசிரியர் கதிரைவேற்பிள்ளைமீது வழக்கு வந்தபோது, ஆசிரியருக்காகச் சாட்சி சொல்ல நீதிமன்றம் சென்றார். பள்ளி இறுதித் தேர்வு போயிற்று. பட்டம் போனது, பண்பு நின்றது!

பிறகு ஸ்பென்ஸர் கம்பெனியிலே கணக்கு எழுதும் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால் உள்ளத்திலே மூண்ட நாட்டுணர்ச்சிக்கு அங்கே இடமில்லை. வேலையை உதறினார். சம்பளம் கிடைத்தும் மனம் அடைபட்டுக் கிடக்கும் நிலை எப்படிப்பட்டது என்பதை ஏட்டிலே படித்து அறிந்தவரல்லர் அவர். நாற்காலியிலே உட்கார்ந்து அறிந்தவர். பின்னர் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர் பணி. அதையும் விட்டு, 1917 டிசம்பரில் ‘தேசபக்தன்’ ஏட்டின் ஆசிரியரானார்.

அந்த நாளிலே பெரம்பூர் ஆலைத் தொழிலாளியின் வாழ்வு எப்படி? விடியுமுன் சங்கு ஊதும். பொழுது சாயும்வரை வேலை. இடையிலே சோறு தின்னக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. மெல்ல நேரமின்றி விழுங்கிவிட்டு ஓடவேண்டும். தாமதமானால் கூலியிலே கை வைப்பார்கள். மேலே நிற்பவன் ஏசுவான். சில வேளை கையும் நீளும். கூலி குறைவு என்பது ஒரு வேதனை. ஆனால் வீட்டுக்குப் போய் மனைவி மக்கள் முகத்தைப் பார்க்கும்போது நெஞ்சிலே குத்துவது எது? பகலிலே பட்ட வசவு!

இதை நாள்தோறும் கண்டவர்கள் அந்த வட்டாரத்து வணிகர்களான செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். அவர்கள் நடத்திய பக்திச் சபையின் பெயரால் 1918 மார்ச் 2-இல் கூட்டம் கூட்டினார்கள். திரு.வி.க. பேசினார். தொழிலாளர் திரண்டனர். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவிலே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு போற்றுவது இதைத்தான். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர்.

வாடியா ஆங்கிலத்திலே பேசுவார். திரு.வி.க. அதைத் தமிழிலே தருவார். ஏவல் சொல்லையும் ஏச்சையும் மட்டுமே கேட்டுப் பழகிய செவிகளிலே, தொழிலாளரே என்று மதிப்போடு அழைக்கும் தமிழ் விழுந்தது. கூனிய முதுகு நிமிர்ந்தது. கூலி ஒரு காசு ஏறுமுன்பே மனத்திலே ஏறிவிட்டது மதிப்பு! சங்கம் தந்த முதல் ஊதியம் அதுதான். தனியே அழுதவன், தன்னைப்போல் ஆயிரம் பேர் உண்டு என்று கண்டான். அச்சம் பாதியாயிற்று.

ஆலை முதலாளிகள் சும்மா இருப்பார்களா? கதவடைப்பு வந்தது. 1920 டிசம்பர் 9-இல் துப்பாக்கி வெடித்தது, இருவர் மாண்டனர். வாடியாமீது பெருந்தொகை நட்டஈடு கேட்டு வழக்கு. அவர் சங்கத்தைவிட்டு விலக நேர்ந்தது. அந்த வழக்கு எழுப்பிய கேள்விதான், தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரலாக வளர்ந்து, 1926-இல் சட்டமாயிற்று.

1921-இல் மீண்டும் பெரும் வேலைநிறுத்தம். திரு.வி.க.வை நாடு கடத்தவே கவர்னர் வில்லிங்டன் எண்ணினார். தடுத்து நின்றவர் யார்? நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர்! மாற்றுக் கட்சிக்காரருக்காக எழுந்த மாண்பு அது.

ஆனால், தோழர்களே, கசப்பான உண்மையை மறைக்கலாகாது. அந்த 1921 போராட்டத்தை உடைத்தது துப்பாக்கி மட்டுமன்று, சாதி! ஆதித் திராவிடத் தொழிலாளர் ஒருபுறம், மற்றவர் ஒருபுறம் எனப் பிளவு. புளியந்தோப்பிலே குடிசைகள் எரிந்தன. முதலாளி தன்னை மதிக்கவில்லை என்று கொதித்தவன், பக்கத்துத் தறிக்காரனை மதித்தானா? சேரியிலே வாழ்பவன் சங்கத்தை எப்படித் தன் வீடென்று நம்புவான்? மதிப்பு என்பது மேலேயிருந்து கேட்டு வாங்குவது மட்டுமன்று. பக்கத்திலே இருப்பவனுக்குக் கொடுப்பதுமாகும். போராட்டம் தோற்றது. பாடம் நிற்கிறது.

1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு இடந்தரவில்லை, பெரியார் வெளியேறினார். அந்த நாளிலே அவர் செய்தது தவறு என்பதே நம் கருத்து. அதற்காக அவர் பாட்டாளிக்குச் செய்த தொண்டை மறப்போமா? மறந்தால் நாம் மனிதரல்லர். அதே செங்கற்பட்டிலே 1929-இல் கூடிய சுயமரியாதை மாநாடு, பிறப்பால் எவனும் தாழ்ந்தவனல்லன் என்று முழங்கியது. ஆலைக்குள்ளே திரு.வி.க. கேட்டதும், ஊருக்குள்ளே பெரியார் கேட்டதும் ஒரே பொருள்தான்: மானம்!

1947-இல், அறுபதைத் தாண்டிய வயதிலே, ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்றதற்காக வீட்டுக்காவல். வைத்தது வெள்ளையனல்ல, காங்கிரஸ் ஆட்சி! இறுதிக் காலத்திலே கண்ணொளியும் மங்கியது. வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி நூல்கள் செய்தார். 1953 செப்டம்பர் 17-இல் மறைந்தார். பெரியார் பிறந்தநாளும் அதுவே.

அந்த ஆலை இன்று இல்லை. 1996-இல் மூடப்பட்டது. ஆனால் துள்ளத்தைச் சுற்றி, ஒரகடத்திலும் மறைமலைநகரிலும் புதிய ஆலைகள். பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கண்ணாடி மாளிகைகள். குளிர்ந்த காற்று, உயர்ந்த ஊதியம். உள்ளே இருப்பவன் நிம்மதியாக உறங்குகிறானா? நாளைக்கு வேலை உண்டா என்ற அச்சமும், கேட்டால் பகையாகுமோ என்ற தயக்கமும் போய்விட்டனவா? சங்கு மாறியது; நெஞ்சின் படபடப்பு மாறவில்லை.

2021-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் செய்தது. கடைகளிலே நாள் முழுதும் நிற்கும் ஊழியருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்பது அது. ஒரு நாற்காலிதானே என்று எண்ணாதீர்! நீயும் மனிதன், உனக்கும் கால் வலிக்கும் என்று அரசு சொன்ன சொல் அது. 2023-இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதிறந்த திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியும், எதிர்ப்பெழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. குரல் கொடுத்தால் கேட்கும் என்ற நம்பிக்கை, உழைப்பவனுக்குச் சோற்றைப்போல் தேவை.

கழகத் தோழனே! உன் கடையிலே நிற்கும் பையனுக்கு முக்காலி உண்டா? உன் வீட்டிலே வேலை செய்யும் அம்மாவை எப்படி அழைக்கிறாய்? படிப்பகத்தைக் கூட்டுபவருக்கு எந்தக் குவளையிலே தேநீர் தருகிறாய்? இவற்றுக்கு நேரான விடை சொல். திரு.வி.க.வுக்குச் சூட்டும் மாலையைவிட அது மேலானது.