எட்டயபுரத்தில் ஒரு தீபாவளி!

நெல்லையில் காந்திமதி அம்மனைத் தரிசித்திருக்கிறீர்களா? அந்த அன்னையின் மீது ஹேமவதி ராகத்தில் அருமையான கீர்த்தனை பாடியவர் முத்துசுவாமி தீட்சிதர். திருவாரூரில் அவதரித்த அந்த மகானைத் திருநெல்வேலிச் சீமைக்கு அழைத்து வந்தது எது தெரியுமா? ஒரு பெருந்துயரம்!

தீட்சிதருக்குச் சின்னசுவாமி, பாலுசுவாமி என இரண்டு தம்பியர். மதுரையில் சின்னசுவாமி காலமானார். பாலுசுவாமியோ ஊரைவிட்டுச் சென்று, எட்டயபுரம் அரசவையில் வித்வானாக அமர்ந்துவிட்டார். செய்தி அறிந்த தீட்சிதர், எஞ்சிய தம்பியைத் தேடிப் புறப்பட்டார்.

வழியெங்கும் வறட்சி. தம் துக்கத்தை ஒதுக்கிவைத்து, வாடிய பயிருக்காக அமிர்தவர்ஷிணி ராகத்தில் அம்பிகையைப் பாடினார். மழை கொட்டியது என்பார்கள். முன்பு, சீடர் தம்பியப்பன் வயிற்றுவலியால் துடித்தபோதும், குரு பகவானைப் பாடி நோய் தீர்த்தாராம்.

ஆனால், தமக்கு முடிவு நெருங்கியபோது அவர் ஆயுளை வேண்டவில்லை. 1835-ம் வருடம், தீபாவளித் திருநாள். பூஜையை முடித்தவர், மதுரை மீனாட்சி மீது தாம் இயற்றிய கீர்த்தனையைப் பாடும்படி சீடர்களிடம் சொன்னார். பந்தபாசம் நீக்கும் அன்னையை அழைக்கும் இடத்தை அவர்கள் பாடும்போதே, அவர் உயிர் பிரிந்ததாகச் சொல்வர். அவரது சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது.

அன்பர்களே! எத்தனை நாள் மிச்சம் என்பது நம் கையில் இல்லை. அந்த நாளை எப்படி நிறைப்பது என்பது நம் கையில்தான். உங்கள் வீட்டில் தீராத நோயோடு ஒருவர் படுத்திருக்கிறாரா? மருந்தோடு நிறுத்திவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் பாடுங்கள். அதுவும் அம்பிகைக்குச் செய்யும் பூஜையே!