ஹார்வர்டா, ஏரிக்கரை கிராமமா? இரண்டு ஆஃபர்களுக்கு நடுவே சந்திரசேகர் எடுத்த முடிவு

கையில் இரண்டு ஆஃபர். ஒன்று, பெயரைச் சொன்னாலே சொந்தக்காரர்கள் வாயைப் பிளக்கும் இடம். இன்னொன்று, எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேட வேண்டிய இடம். எதை எடுப்பது?

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பலர் இன்று மண்டையை உடைத்துக்கொள்ளும் இந்தக் கேள்வி, 1936-ல் 25 வயது சென்னை இளைஞர் ஒருவர் முன்பும் வந்து நின்றது. அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர்.

யார் இந்த சந்திரசேகர்?

1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்த தமிழர். சர் சி.வி.ராமன் இவருக்குச் சித்தப்பா. குடும்பம் சென்னைக்கு வந்த பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, அப்புறம் மாநிலக் கல்லூரி. 1930-ல் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார்.

அந்தக் கப்பலில் போட்ட கணக்குதான் அவர் வாழ்க்கையை மாற்றியது. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் அமைதியாகச் சுருங்கி அடங்கிவிடும் என்று அப்போது நம்பினார்கள். எல்லா நட்சத்திரத்துக்கும் அது நடக்காது, ஓர் எடை வரம்பு இருக்கிறது என்று கணக்கு சொன்னது. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு என்ற அந்த வரம்புக்குத்தான் இன்று 'சந்திரசேகர் வரம்பு' என்று பெயர்.

கேம்பிரிட்ஜிலேயே இருந்திருக்கலாமே?

இருந்திருக்கலாம், 1935 ஜனவரி 11 வராமல் இருந்திருந்தால். அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தன் முடிவை முன்வைத்தார். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன் அதை எல்லார் முன்பும் கேலி செய்து ஒதுக்கித் தள்ளினார். எடிங்டன் அன்றைய வானியலின் சூப்பர் ஸ்டார். போதாக்குறைக்கு, இருவரும் ஒரே டிரினிட்டி கல்லூரிக்காரர்கள். கணக்கு சரி என்று தனியாகச் சொன்ன பெரிய இயற்பியலாளர்கள்கூட பொதுவில் எடிங்டனை எதிர்த்துப் பேசவில்லை.

சந்திரசேகரின் டிரினிட்டி ஃபெலோஷிப்பும் சீக்கிரம் முடியப்போகிறது. அடுத்து எங்கே?

முதல் தேர்வு: ஹார்வர்டா, யெர்க்ஸா?

1935 இறுதியில் ஹார்வர்டு வானியல் மையத்தின் இயக்குநர் ஹார்லோ ஷேப்லி அவரை விரிவுரை தர அழைத்தார். விரிவுரைகள் நன்றாகப் போயின. அங்கேயே தங்கிவிட வாய்ப்பும் வந்தது. 1636-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், பக்கத்திலேயே பாஸ்டன் நகரம். வேறென்ன வேண்டும்?

அதே பயணத்தில் இன்னோர் அழைப்பும் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து. பெயர்தான் சிகாகோ. ஆய்வகம் இருந்தது நகரத்திலிருந்து சுமார் 130 கி.மீ. தள்ளி, விஸ்கான்சின் மாநிலத்தில், வில்லியம்ஸ் பே என்ற ஏரிக்கரை கிராமத்தில். குளிர்காலம் வந்தால் ஏரியே உறைந்துபோகும். சுத்த சைவரான சந்திரசேகருக்கு அது எப்படிப்பட்ட ஊர் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அங்கே 40 அங்குல லென்ஸ் கொண்ட, உலகிலேயே பெரிய ஒளிவிலகல் தொலைநோக்கி இருந்தது. அதைவிட முக்கியமாக, ஆட்டோ ஸ்ட்ரூவ் இருந்தார். ரஷ்ய உள்நாட்டுப் போருக்குப் பிறகு அகதியாக அமெரிக்கா வந்து, ஆய்வகத்தின் இயக்குநரானவர். நட்சத்திரங்களைப் பார்ப்பவர்களையும் அவற்றைக் கணக்கில் பிடிப்பவர்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர அவர் நினைத்தார். உலகம் முழுக்க இளைஞர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சந்திரசேகர் யெர்க்ஸைத் தேர்ந்தெடுத்தார். 1936 செப்டம்பரில் இந்தியா வந்து, மாநிலக் கல்லூரியில் உடன் படித்த லலிதாவைத் திருமணம் செய்துகொண்டார். 1937 தொடக்கத்தில் இருவரும் வில்லியம்ஸ் பேயில் குடியேறினார்கள்.

கிராமம் என்ன கொடுத்தது?

நேரம். ஒரு துறையை எடுப்பார், பல ஆண்டுகள் அதிலேயே மூழ்குவார், முழுசாக ஒரு புத்தகம் எழுதுவார், அடுத்த துறைக்குப் போய்விடுவார். நட்சத்திரங்களின் கட்டமைப்பு பற்றி 1939-ல், அவற்றின் இயக்கம் பற்றி 1942-ல், கதிர்வீச்சு கடத்தல் பற்றி 1950-ல், பாய்மங்களின் நிலைத்தன்மை பற்றி 1961-ல். நான்கும் வில்லியம்ஸ் பே காலத்தில் வந்தவை.

பாடம் நடத்த அங்கிருந்து சிகாகோவுக்குக் காரில் போவார். ஒரு பருவத்தில் வகுப்பில் இருந்ததே இரண்டு மாணவர்கள்தான். அந்த இரண்டு பேரும், லீயும் யாங்கும், 1957-ல் நோபல் வாங்கினார்கள் என்பது சிகாகோவில் இன்றும் சொல்லப்படும் கதை.

அதற்கு விலை?

இருந்தது. சிகாகோ வளாகத்தில் அவர் பாடம் நடத்துவதை, நிறத்தைக் காரணம் காட்டி டீன் ஒருவரே எதிர்த்தார். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட்டு, அவர் நடத்தட்டும் என்றார்.

பெரிய விலை கொடுத்தவர் லலிதா. அவரும் இயற்பியல் படித்தவர். கணவரின் வேலைக்காகத் தன் அறிவியல் வாழ்க்கையை ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் சின்ன ஊரில் 27 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆஃபரை எடுத்தவர் ஒருவர், அதில் வாழ்ந்தவர்கள் இரண்டு பேர்.

இரண்டாவது தேர்வு: பிரின்ஸ்டன் கூப்பிட்டபோது...

1946-ல் மறுபடி அதே கேள்வி. அமெரிக்க வானியலின் மூத்த தலை ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் ஓய்வு பெறப்போக, அவர் இடத்துக்கு பிரின்ஸ்டன் அழைத்தது. சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஐன்ஸ்டைன் வசிக்கும் ஊர் வேறு. சந்திரசேகரும் சரி என்றே சொல்லிவிட்டார்.

ஹட்சின்ஸ் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். சம்பளத்தை ஈடுகட்டுவதாகச் சொன்னார். ரஸ்ஸலின் இடத்தில் அமர்வது பெருமை என்று சந்திரசேகர் சொன்னபோது, கிளாஸ்கோவில் கெல்வின் பிரபுவின் இடத்துக்கு அடுத்து வந்தவர் யார் என்று ஹட்சின்ஸ் திருப்பிக் கேட்டார். சந்திரசேகருக்குத் தெரியவில்லை. பிரின்ஸ்டனுக்கு மறுப்புச் சொல்லிவிட்டார்.

பிறகு என்ன ஆனது?

1964-ல் தம்பதி சிகாகோ நகருக்கே குடிபெயர்ந்தார்கள். எடிங்டன் கேலி செய்து 48 ஆண்டுகள் கழித்து, 1983-ல் நோபல் வந்தது. 1995 ஆகஸ்ட் 21-ல் இறக்கும்வரை அவர் சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரராகவே இருந்தார். 1999-ல் நாசா விண்ணில் ஏவிய எக்ஸ்-ரே தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று அவர் பெயரை வைத்தார்கள்.

ஹார்வர்டுக்குப் போயிருந்தால் அவர் சாதித்திருக்க மாட்டாரா? சாதித்திருக்கலாம். ஆனால் இரண்டு முறையும் அவர் ஊரின் பெயரை வைத்து முடிவு செய்யவில்லை. தினமும் காலையில் எந்த வேலையில், யார் பக்கத்தில் போய் உட்காரப்போகிறோம் என்பதை வைத்து முடிவு செய்தார். அந்த ஊரில் கூட வாழப்போவது யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று லலிதாவின் 27 ஆண்டுகள் ஞாபகப்படுத்துகின்றன.