எலன் ரிச்சர்ட்ஸ் அம்மையார்

நீரைக் கண்ணாற் கண்டும் நாவாற் சுவைத்தும் நன்றெனக் கொள்ளுதல் உலக வழக்கு. ஆயினும், தெளிந்த நீரிலும் நோய் மறைந்திருத்தல் கூடும். அதனை ஐயுறுதற்கு வழியொன்று வகுத்த எலன் ரிச்சர்ட்ஸ் அம்மையாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இவ்வம்மையார் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து டன்ஸ்டபிள் என்னும் சிற்றூரில் 1842-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ஆம் நாள் பிறந்தார். வாஸர் மகளிர் கலாசாலையில் 1870-இல் பட்டம் பெற்று, மறு ஆண்டில் பாஸ்டன் நகரத்து மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இரசாயனம் பயிலப் புகுந்தார். அதுகாறும் அங்கு மாதர் எவரும் சேர்க்கப்பெற்றிலர். கழகத்தார் அவரிடம் சம்பளம் வாங்கவில்லை. தம் வறுமைக்கு இரங்கியே அங்ஙனம் செய்தனர் என அவர் எண்ணினார். எவரேனும் குறை கூறின், அவர் தம் மாணவியல்லர் எனச் சொல்லுதற்கே அவ்வேற்பாடு என்பதைப் பின்னரே அறிந்தார். எனினும் தளராது பயின்று 1873-இல் பட்டம் பெற்றார். 1884 முதல் அங்கேயே சுகாதார இரசாயனம் போதித்து வந்தார்.

1887-இல் மாகாணச் சுகாதாரச் சபையார் நீர்நிலைகளை ஆராயத் தொடங்கினர். பேராசிரியர் டிரவுன் மேற்பார்வையில் ஆராய்ச்சிசாலை வேலையை அம்மையார் நடத்தினார். ஆறு, ஏரி, கிணறுகளின் நீர் சீசாக்களில் அடைக்கப்பெற்று ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தது.

நீரிற் கரைந்த உப்பை வெள்ளி நைத்திரேட்டால் அளக்கலாம் என்பது நாம் அறிந்ததே. மனிதர் உண்ட உப்புச் சிறுநீர் வழியே சாக்கடையை அடைதலின், குடிநீரில் உப்பு மிகுதல் மாசுக்கு அறிகுறியாம். ஆனால், கடற்காற்றும் உப்பைக் கொணருமன்றோ? இயற்கை உப்பு எது, கழிவால் வந்தது எது எனப் பகுப்பது எவ்வாறு? மாசுபடாத நீர்நிலைகளின் அளவுகளைத் தேசப்படத்திற் குறித்தபோது விடை கிடைத்தது. கடற்கரையினின்று உட்செல்லுந்தோறும் உப்புப் படிப்படியே குறைந்தது. ஒத்த அளவுள்ள இடங்களை இணைத்துக் கோடுகள் வரையப்பட்டன. ஓரூர்க் கிணற்றில் அவ்வூர்க்குரிய அளவினும் உப்பு மிகின், கழிவு கலந்ததோ என ஆராய்தல் எளிதாயிற்று. டைபாய்டு காய்ச்சல் குடிநீர் வழியே பரவி உயிர்களைக் கவர்ந்த காலம் அது.

இறுதிவரை ஆசிரியப் பணியிலிருந்த அம்மையார் 1911-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள் காலமானார்.

தனித்த ஒரு சீசா நீர் தன் குற்றத்தைத் தானே உரையாது. எடுத்த இடம் தெரிந்து, அயல் நீரோடு ஒப்பிட்டவழியே அது வாய்திறக்கும். ஆதலின், பரிசோதனைக்கு நீர் அனுப்பும் நாம், இடமும் நாளும் குறித்த சிறு சீட்டை அற்பமென எண்ணாதிருப்போமாக.