தொட்டி தெரியும், தந்தவர் தெரியுமா?

வெள்ளானூரிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, அம்பத்தூர் பிளேட்டிங் பட்டறைக்குச் செல்லும் தோழனுக்குத் தொட்டியும் கரைசலும் புதியன அல்ல. மின்சாரம் பாய்ந்ததும் நிக்கல் பெயர்ந்து இரும்பின்மீது படிவதை நாள்தோறும் காண்கிறான். அதே வித்தைதான் உப்புநீரைப் பிளந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் தருகிறது. சோப்பு, காகிதம், துணி யாவும் அந்தத் தொட்டிக்குக் கடன்பட்டவை.

அத்தகைய தொட்டிகளை நாமே வடிவமைக்கும் அறிவு தமிழ் மண்ணில் வேரூன்ற நிலம் தந்தவர் ஒருவர் உண்டு. விஞ்ஞானியல்லர், வணிகர். அவரே கோட்டையூர் அழகப்பச் செட்டியார்!

1909 ஏப்ரல் 6இல் பிறந்தார். வட்டிக் கடையே வாழ்வென்று பலர் இருந்த சூழலில், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்று எம்.ஏ. பட்டம் பெற்றார். இலண்டன் சென்று பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் பயின்றார். திருச்சூர்ப் பக்கம் நூற்பாலை நடத்தினார். விமானக் கம்பெனியும் கண்டார். செல்வம் குவிந்தது. குவிந்ததைப் பூட்டி வைத்தாரா? இல்லை. 1944இல் கிண்டியில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 1947இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கினார்.

நாடு விடுதலை பெற்ற வேளை அது. விஞ்ஞானி பட்நாகர் தலைமையில் நாடெங்கும் தேசிய ஆய்வுக்கூடங்கள் திட்டமிடப்பட்டன. மின்வேதியியல் கூடத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தருகிறேன் என்று முன்வந்தார் அழகப்பர். பெருநகரங்களுக்குப் போகவேண்டிய கூடம், வானம் பார்த்த செட்டிநாட்டுப் பூமிக்கு வந்தது! 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஊரார் அதனைச் 'சிக்ரி' என்பர்.

அங்கே என்ன நடந்தது? உப்புநீர்த் தொட்டியில் குளோரின் ஒரு முனையில் எழும். ஹைட்ரஜன் மறுமுனையில் எழும். இரண்டும் கலந்தால் வெடிக்கும். ஆகவே இடையிலே தடுப்பு வேண்டும். குளோரின் எழும் முனை அரிப்பைத் தாங்கவேண்டும். அந்நாளில் அங்கே கிராபைட் கட்டிகளை வைத்தனர். அவை நாளுக்கு நாள் தேயும், முனைகளின் இடைவெளி விரியும், அழுத்தம் ஏறும், மின்சாரம் விரயமாகும். தொட்டியைப் பிரித்துக் கட்டும் பாடோ தொழிலாளியின் தலையில்! டைட்டானியத் தகட்டின்மீது கரையாத பூச்சிட்ட மின்முனையை வெளிநாட்டார் முதலில் கண்டனர். அதை நம் ஆலைகளுக்காகச் சொந்த முயற்சியில் உருவாக்கியது சிக்ரி. தீக்குச்சித் தலைக்கு வேண்டிய பொட்டாசியம் குளோரேட்டும் மின்தொட்டியில் பிறப்பதே. அதற்கென கிராபைட்டின்மீது ஈய டையாக்சைடு படிந்த முனையைச் செய்து காட்டியதும் அக்கூடமே.

இந்தப் பயன்களில் பலவற்றைக் காண அழகப்பர் இருக்கவில்லை. நோய் வாட்ட, 1957 ஏப்ரல் 5இல், நாற்பத்தெட்டு வயது நிறைய ஒருநாள் இருக்கையில் மறைந்தார்.

வள்ளல் வருவார், வாரி வழங்குவார் என்று காத்துக் கிடப்பது நம் கொள்கையன்று. அவர் அள்ளித் தந்த பணத்தில் ஆலைத் தொழிலாளியின் வியர்வையும் கலந்திருந்தது என்பதை நாம் மறவோம். ஆயினும், ஊரார் உழைப்பால் சேர்ந்ததை ஊரார் அறிவுக்கே திருப்பித் தந்தாரே, அந்தப் பண்பைப் போற்றாமலிருக்க நம்மால் இயலுமா? தனியொருவர் நிலம், மக்களின் ஆய்வுக்கூடமாயிற்று. பொதுச் சொத்து என்பதற்கு இதைவிடப் பொருள் வேண்டுமா?

தோழர்களே! தொட்டியருகே நின்று அமில ஆவியைச் சுவாசிப்பவன் நம்மவன். அந்தத் தொட்டிக்கு வரைபடம் போடுபவனும் நம் வீட்டுப் பிள்ளையாக வேண்டாமா? பட்டறையிலிருந்து படிப்புக்கும், படிப்பிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கும் பாதை போடுவோம். அழகப்பருக்கு நாம் செய்யும் நன்றி அதுதான்.