பட்டறை கண்ட வீரர்

பந்தயத்தை நாம் மைதானத்தில் காண்கிறோம். அதில் பாதி, பட்டறையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இதை எனக்கு உணர்த்தியது அமெரிக்கக் கார்ப் பந்தய வீரர் வெண்டல் ஸ்காட்டின் வாழ்க்கை.

1921இல் வர்ஜீனியா மாநிலத்து டான்வில் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார் ஸ்காட். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மெக்கானிக்காகப் பணியாற்றினார். ஊர் திரும்பிப் பட்டறை வைத்தார். 1952இல் பந்தயத்தில் இறங்கி, 1961இல் நாஸ்கார் அமைப்பின் முதல்தரப் போட்டிகளில் நுழைந்தார்.

அவர் ஓட்டியது ஸ்டாக் கார். வெளித்தோற்றத்தில் அது கடையில் விற்கும் கார்தான். உள்ளே பந்தயத்திற்கென வலுவூட்டப்பட்டது. புதிய பருவம் தொடங்குமுன் எஞ்சினை முழுவதும் பிரித்து, பிஸ்டன், வால்வு, பேரிங் என ஒவ்வொன்றையும் சோதித்து, தேய்ந்ததை மாற்ற வேண்டும். கார் உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய்ச் சட்டத்தின் பற்றவைப்பைப் பார்க்க வேண்டும். பிரேக்கையும் ஸ்பிரிங்கையும் ஓடுதளத்திற்கேற்பச் சீராக்க வேண்டும்.

பெரிய குழுக்களுக்கு இவற்றைச் செய்யச் சம்பள மெக்கானிக்குகள் இருந்தனர். கார் நிறுவனங்களின் ஆதரவும் இருந்தது. ஸ்காட்டுக்கு அவரே மெக்கானிக், பிள்ளைகளே உதவியாளர். காரோ மற்றவர்கள் ஓட்டி விற்றது. எஞ்சின் பழுதானால் அடுத்த போட்டிக்குக் கைப்பணம் இராது.

அக்காலத்தில் புதிய பருவம் முந்திய ஆண்டு நவம்பரிலேயே தொடங்கிவிடும். 1964ஆம் ஆண்டுப் பருவத்திற்குரிய போட்டியொன்று 1963 டிசம்பர் 1 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நடந்தது. வென்றவர் ஸ்காட். ஆனால் பக் பேக்கர் என்ற வெள்ளை வீரரே வென்றதாக அறிவித்து, கோப்பையை அவரிடம் கொடுத்தனர். சில மணி நேரம் கழித்துக் கணக்கைச் சரிபார்த்தபோது ஸ்காட் இரண்டு சுற்றுகள் முன்னே இருந்தது தெரிந்தது. பரிசுப் பணம் வந்தது; உரிய கோப்பை அவர் வாழ்நாளில் வரவேயில்லை.

மனம் தளராமல் மீண்டும் பட்டறைக்கே திரும்பினார். 1966இல் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம் பெற்றார். 1973இல் டாலடேகாவில் நேர்ந்த கோர விபத்தில் படுகாயமுற்றார். அத்துடன் அவர் பந்தய வாழ்வும் ஏறக்குறைய முடிந்தது. முதல்தரப் போட்டிகளில் அவர் ஓடியவை 495. 1990இல் மறைந்தார். நாஸ்கார் அவருக்குரிய கோப்பையை அவர் குடும்பத்தாரிடம் வழங்கியது 2021இல்!

உழைத்தால் உயரலாம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஸ்காட் உழைப்பில் குறை வைக்கவில்லை. சுற்றுகளை எண்ணியவர்களே குறை வைத்தனர். நாளை நம்மில் பலர் எண்ணும் இடத்தில், மதிப்பெண் இடும் இடத்தில் அமரப்போகிறோம். அப்போது இந்த மெக்கானிக்கை நாம் மறவாதிருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.