ஆட்டத் தலைவர் ஜெய்பால் சிங்

தோற்றுவாய்

சிவகாசியினின்று சாத்தூர் வழியாகத் தெற்கு நோக்கிச் செல்வோர் கோவிற்பட்டியை அடைவர். தீப்பெட்டித் தொழிலாலும் கடலை மிட்டாயாலும் பெயர் பெற்ற அவ்வூர், ஹாக்கி எனப்படும் வளைகோற் பந்தாட்டத்தாலும் பெயர் பெற்றது. அவ்வாட்டத்தின்மீது கொண்ட ஆசை நம் கரிசற் சீமையிலும் பரவியுள்ளது. விலை கொடுத்துக் கோல் வாங்க இயலாத சிறுவர், வளைந்த கருவேலங் கிளையொன்றை வெட்டிச் சீவிக் கோலாக்கி, கந்தைத் துணியைச் சுருட்டிப் பந்தாக்கி, அறுவடை முடிந்த பருத்திக் காட்டில் ஆடி மகிழ்வதை யான் கண்டிருக்கின்றேன். யானும் அவருள் ஒருவனாய் ஆடியதுண்டு. அத்தகைய சிறுவர் ஒருவர், மாடு மேய்த்த கையிற் கோலேந்தி, கடல் கடந்து சென்று, ஒலிம்பிக் பந்தயத்தில் நம் நாட்டு ஹாக்கி அணிக்கு முதன்முதல் தலைமை பூண்டார் என்பதை நம் மாணவருட் பலர் அறியார். அவரே ஜெய்பால் சிங் முண்டா ஆவர். தியான் சந்தின் பெயரை அறியாதார் இலர். அவர்க்குத் தலைவராய் நின்றவரை அறிந்தார் சிலரே. ஆதலின் அவர்தம் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு எடுத்துரைப்பாம்.

இளமையும் கல்வியும்

ராஞ்சி நகருக்குத் தெற்கே, காடும் குன்றும் சூழ்ந்த தக்ரா என்னும் சிற்றூரில், 1903ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3ஆம் நாள் ஜெய்பாலர் பிறந்தனர் என்பர். முண்டா என்னும் பழங்குடியே அவர் குடி. அக்குடியிற் பிறந்த பிர்சா முண்டா, தம் மக்களின் நிலவுரிமைக்காக ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்டு, 1900ஆம் ஆண்டில் ராஞ்சிச் சிறையிலேயே உயிர் நீத்தவர். அப்பெரும் புயல் ஓய்ந்து மூன்றாண்டு கழிந்த பின்னரே நம் ஜெய்பாலர் தோன்றினர். இளமையில் அவர் செய்த தொழில் ஊர் மாடுகளை மேய்த்தலாம்.

அக்காலத்தில் ராஞ்சியில் ஆங்கிலிக்கன் மிஷனார் நடத்திய தூய பவுல் பள்ளியில் அவர் சேர்ந்தனர். பள்ளித் தலைவராயிருந்த காஸ்கிரேவ் என்னும் குருவானவர், சிறுவரின் கூர்த்த அறிவையும் ஆட்டத் திறனையும் கண்டு, தம் மகனே போற் பேணி வளர்த்தனர். 1918ஆம் ஆண்டில் அப்பெரியார் தம் நாட்டிற்கு மீண்டபோது, ஜெய்பாலரையும் உடனழைத்துச் சென்றனர். குருத்துவப் பணிக்கு அவரைப் பயிற்றுவித்தல் வேண்டும் என்பதே அவர் எண்ணம். அவ்வாறே காண்டர்பரி நகரிலுள்ள தூய அகுஸ்தீன் கல்லூரியிற் சில காலம் பயின்ற பின்னர், ஜெய்பாலர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துத் தூய யோவான் கல்லூரியிற் சேர்ந்து பொருளியல் கற்றனர். ஏறத்தாழ அக்காலத்திலேதான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றற் பொருட்டுக் கல்கத்தாவிற்குப் புறப்பட்டனர். வானம் பொய்த்த நிலத்து இளைஞரும் வனஞ்சூழ் நிலத்து இளைஞரும், தத்தம் ஊரில் இல்லாத ஒன்றைத் தேடி ஒரே காலத்தில் வெளியேறியது எண்ணத் தக்கது.

ஆக்ஸ்போர்டில் அவர் கல்வியோடு ஆட்டத்தையும் கைவிட்டாரல்லர். அவர் ஆடியது பின்காவலர் இடம். முன்னின்று கோல் அடிப்பார்க்குக் கிடைக்கும் ஆரவாரம் அவ்விடத்தில் நிற்பார்க்குக் கிடைப்பதில்லை; எனினும், பாய்ந்து வரும் பகைவரின் குறிப்பறிந்து, காலந் தாழ்க்காது பந்தைப் பறித்து, மறுகணமே தம் முன்னணியார்க்குச் செலுத்துதல் பின்காவலரின் கடமை. அமைதியும் துணிவும் ஒருங்கே வாய்த்தார்க்கன்றி அவ்விடம் பொருந்தாது. கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடுவோர்க்கு அளிக்கப்படும் ‘புளூ’ என்னும் நீலச் சிறப்பு 1925ஆம் ஆண்டில் அவர்க்குக் கிடைத்தது.

விடுமுறையா, பதவியா

பட்டம் பெற்ற பின் ஜெய்பாலர் இந்திய சிவில் சர்வீஸிற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, அதற்குரிய பயிற்சியைத் தொடங்கினர். அந்நாளில் அதனின் மேம்பட்ட உத்தியோகம் இந்தியர்க்கு வேறில்லை. இந்நிலையில், 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் நிகழவிருந்த ஒலிம்பிக் பந்தயத்திற்குச் செல்லும் இந்திய அணிக்குத் தலைமை தாங்குமாறு அவர்க்கு அழைப்பு வந்தது. 1925இல் தோன்றிய இந்திய ஹாக்கி சம்மேளனம் ஒலிம்பிக்கிற்கு அனுப்பிய முதல் அணி அதுவாகும்.

அவர் விடுமுறை வேண்டினர்; இந்தியா அலுவலகத்தார் மறுத்தனர். ஒரு புறம் வாழ்நாள் முழுதும் வழுவாத வருவாயும் அதிகாரமும். மறு புறம் சின்னாளில் முடியும் ஆட்டம். நம் வீடுகளில் இவ்வழக்கு வந்திருப்பின் தீர்ப்பு யாதாயிருக்கும் என்பதை யான் கூற வேண்டுவதில்லை. அரசுப் பணித் தேர்வொன்றை எண்ணியே இரவெல்லாம் விளக்கெரிக்கும் நம் விடுதி மாணவர், அவர்தம் உள்ளம் அன்று பட்ட பாட்டை நன்குணர்வர். ஜெய்பாலர் விடுமுறையின்றியே சென்றனர்.

ஆம்ஸ்டர்டாம் வெற்றி

இந்திய அணியார் 1928ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் பம்பாயினின்று கப்பலேறியபோது வழியனுப்ப வந்தோர் மூவரே. இங்கிலாந்தில் ஜெய்பாலர் அவர்களுடன் சேர்ந்தனர். பட்டாளத்து வீரரும், ஆங்கிலோ இந்தியரும், முஸ்லிம்களும், சீக்கியரும் கலந்திருந்த அவ்வணிக்கு முண்டா குடியிற் பிறந்த ஒருவர் தலைவராய் அமைந்தது அந்நாளில் எளிதில் எண்ணக் கூடியதொன்றன்று.

மே மாதம் 17ஆம் நாள் முதற் போட்டியில் இந்தியர் ஆஸ்திரியாவை 6–0 என வென்றனர். அடுத்து பெல்ஜியத்தை 9–0 எனவும், டென்மார்க்கை 5–0 எனவும், சுவிட்சர்லாந்தை 6–0 எனவும் வென்று இறுதிப் போட்டியை எய்தினர். மே 26ஆம் நாள் நிகழ்ந்த அவ்விறுதிப் போட்டியில், ஆட்டக்காரருட் சிலர் நோயுற்றிருந்தும், ஹாலந்து நாட்டாரை அவர்தம் மண்ணிலேயே 3–0 என வென்று தங்கப் பதக்கம் பெற்றனர். ஐந்து போட்டிகளில் இந்தியர் அடித்த கோல்கள் 29. அவற்றுள் 14 தியான் சந்த் அடித்தவை. எதிரிகள் அடித்த கோல் ஒன்றேனும் இல்லை. மூவர் மட்டுமே வழியனுப்பிய அணியை வரவேற்கப் பம்பாய்த் துறைமுகத்திற் பெருங்கூட்டம் திரண்டது.

ஆனால் அவ்விறுதிப் போட்டியில் ஜெய்பாலர் ஆடவில்லை. அணியின் மேலாளரோடு ஏற்பட்ட மனவேறுபாட்டால் அவர் முன்னரே விலகினர் என்பர். அன்று அணியை நடத்தியவர் பின்னிகர் என்பவர். பதவியையும் பொருட்படுத்தாது வந்தவர், பந்தயத்தின் முடிமணியான நாளிற் களத்தில் இல்லாது போனமை வருந்தத் தக்கதே.

அவர் மீண்டபோது, விடுப்பின்றிச் சென்றமைக்காகப் பயிற்சியை மேலும் ஓராண்டு நீட்டிக்க வேண்டுமென அதிகாரிகள் விதித்தனர். அதற்கு இணங்க மனமின்றி அவர் சிவில் சர்வீஸைத் துறந்தனர்.

பல தொழில்கள்

அதன்பின் பர்மா ஷெல் என்னும் எண்ணெய்க் கம்பெனியில் உயர்ந்த அலுவல் ஏற்றுக் கல்கத்தாவில் வாழ்ந்தனர். ஆங்குள்ள மோகன் பகான் கழகத்தின் ஹாக்கி அணியை அமைத்து நடத்தியவரும் அவரே. பின்னர், இன்று கானா என வழங்கும் பொற்கரை நாட்டின் அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியராயினர். மீண்டு வந்து ராய்ப்பூர் ராஜகுமாரர் கல்லூரியிற் பணியாற்றினர். பிக்கானேர் சமஸ்தானத்திலும் அலுவல் பார்த்தனர். இவற்றுள் எதுவும் அவர் உள்ளத்தை நிறைக்கவில்லை போலும்.

தம் மக்களிடையே

1939ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ராஞ்சியிற் கூடிய ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஜெய்பாலர் ஏற்றனர். அவர் வாழ்க்கையின் இரண்டாம் ஆட்டம் அன்று தொடங்கிற்று. நிலத்தை இழந்தும், சுரங்கத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் கூலிகளாய்ச் சிதறியும் வாடிய தம் மக்களுக்குச் சோட்டா நாகபுரியைத் தனி மாகாணமாக்கித் தரல் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. மக்கள் அவரை ‘மரங் கோம்கே’, அஃதாவது பெருந்தலைவர், என அழைக்கலாயினர்.

1946ஆம் ஆண்டில் அவர் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராயினர். அவ்வாண்டு டிசம்பர் 19ஆம் நாள், குறிக்கோள் தீர்மானத்தின்மேல் அவர் ஆற்றிய உரை என்றும் நினைக்கத் தக்கது. நாகரிகமுடையார் இகழ்ச்சியாக வழங்கும் காட்டுவாசி என்னும் பெயரைத் தாமே பெருமையுடன் ஏற்றுக்கொண்டு, இந்நாட்டின் மூத்த குடிகள் தம்மவரே எனவும், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அவர்கள் தள்ளுண்டும் நசுக்குண்டும் வந்துள்ளனர் எனவும், ஜனநாயகத்தை அவர்கட்குக் கற்பிக்க வேண்டுவதின்று, அவர்களிடமிருந்தே பிறர் கற்றல் வேண்டும் எனவும் எடுத்துரைத்தனர். அவ்வளவு கூறியும் அத்தீர்மானத்தை அவர் எதிர்த்தாரல்லர். புதிய இந்தியாவில் வாய்ப்புச் சமமாய் அமையும் என நம்பி ஆதரித்தனர். பின்வந்த விவாதங்களில், தம் மக்களை ஆதிவாசிகள் என்னும் பெயராலேயே வழங்க வேண்டுமென விடாது வற்புறுத்தினர். பின்காவலர் பந்தை விடாது பற்றுவது போன்றதன்றோ இது?

அவர் தலைமையில் ஜார்க்கண்டு கட்சி உருப்பெற்று, சேவலைச் சின்னமாகக் கொண்டு முதற் பொதுத் தேர்தலில் நின்றது. 1952இல் பீகார்ச் சட்டசபையில் 32 இடங்களைப் பெற்று முதன்மையான எதிர்க்கட்சியாயிற்று. ஜெய்பாலரும் பாராளுமன்றம் புகுந்து, இறுதிவரை அதன் உறுப்பினராய் விளங்கினர். ஆயினும் 1955இல் மாநிலச் சீரமைப்புக் குழுவினர் தனி மாநிலக் கோரிக்கையை ஏற்கவில்லை. கட்சியின் வலிமை நாளடைவிற் குறைந்தது. 1963இல் அவர் தம் கட்சியைக் காங்கிரசுடன் இணைத்தனர். அதனால் தொண்டருட் பலர் மனம் புண்பட்டனர். எதிர்நோக்கிய பயனும் விளையவில்லை. அச்செயலைச் சரியென்று கூற யான் துணியேன். இறுதி ஆட்டத்திற் களத்தில் இல்லாது போதல் அவர் வாழ்வில் இரு முறை நிகழ்ந்ததென்றே தோன்றுகின்றது.

1970ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் டெல்லியில் அவர் காலமானார். முப்பதாண்டு கழித்து, 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், பிர்சா முண்டாவின் பிறந்த நாளன்று, ஜார்க்கண்டு மாநிலம் தோன்றியது. ராஞ்சியில் ஒரு விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

முடிவுரை

குருவாக்க எண்ணி அழைத்துச் சென்ற காஸ்கிரேவ் ஐயரின் எண்ணம் நிறைவேறவில்லை. அதனால் அவர் இட்ட வித்து வீணாயிற்று என்பார் உளரேல், அவர் விளைவை வேறோர் வயலிற் காண்பாராக. தாவீது தொழுவத்தினின்று அழைக்கப்பட்டது அரண்மனையில் அமர்ந்திருத்தற்கு மட்டுமன்று, மந்தையைக் காத்தற்கே. தாம் பெற்ற தாலந்தை ஆக்ஸ்போர்டிலேயே புதைத்து வைத்திருப்பின், ஜெய்பாலர் ஓய்வூதியம் பெற்று வசதியாக வாழ்ந்து மறைந்திருப்பர். நாம் அவரை நினைத்திரோம்.

மிஷன் கல்லூரிகளிற் பயிலும் நம்மிற் பலர், தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாயிலை மிதித்தவர். தாய் தீக்குச்சி அடுக்கியும், தந்தை மருந்துக் கிடங்கில் உயிரைப் பணயம் வைத்தும் ஈட்டிய கூலியே நம் கல்விக்கு முதல். பட்டம் பெற்றபின் நாம் வேலைக்குச் செல்லுதல் குற்றமன்று. அஃது அவர்கட்கு நாம் செலுத்த வேண்டிய கடனே. ஆனால் சென்ற இடத்தில், நம்மை அனுப்பிய தெருவின் பெயரைச் சொல்ல நாணுவோமா, அன்றி மன்றத்தின் நடுவே நின்று அப்பெயரைப் பெருமையுடன் உரைப்போமா? தம்மைக் காட்டுவாசி எனக் கூறிக்கொண்டு எழுந்து நின்ற ஆட்டத் தலைவரின் வரலாறு நம்மை வினவுவது இதுவே.