96 கோடி ரூபாய்க்கு ஒரு போட்டோ: யார் இந்த எட்வர்ட் ஸ்டைக்கன்?

உங்கள் போனில் இருக்கும் ஒரு போட்டோவை நூறு பேருக்கு அனுப்புங்கள். நூறும் ஒன்றுதான், இல்லையா? அப்படியிருக்க, 2022 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த கிறிஸ்டிஸ் ஏலத்தில் ஒரே ஒரு போட்டோ பிரின்ட் 1.18 கோடி டாலருக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் சுமார் 96 கோடி ரூபாய். மைக்ரோசாஃப்டின் இணை நிறுவனர் பால் ஆலன் சேர்த்து வைத்திருந்த படம் அது. பெயர் ‘தி ஃபிளாட்டைரன்’. எடுத்தவர் எட்வர்ட் ஸ்டைக்கன்.

யார் இவர்?

1879-ல் லக்சம்பர்க்கில் பிறந்தவர். கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார். அப்பா செப்புச் சுரங்கத் தொழிலாளி. அவர் உடல்நலம் கெட, அம்மா தொப்பிக் கடை வைத்துக் குடும்பத்தைத் தாங்கினார். 15 வயதில் மில்வாக்கி நகரில் ஓர் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார் ஸ்டைக்கன். 16 வயதில் முதல் கேமரா, அதுவும் செகண்ட் ஹேண்ட். 1900-ல் ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் இவருடைய மூன்று படங்களை வாங்கினார். விலை, படத்துக்கு 5 டாலர்!

அந்தக் காலத்துச் சண்டை என்ன?

1888-ல் வந்த கோடாக், கேமராவை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் படம் வந்துவிடும் என்றால், அதில் கலை எங்கே இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லக் கிளம்பியவர்கள்தான் பிக்டோரியலிஸ்டுகள். ஓவியத்தைப் போல மங்கலும் மெல்லிய நிறமுமாக, கையால் பிரின்ட் போட்டார்கள்.

அப்படி என்ன செய்தார்?

1902-ல் கட்டி முடிக்கப்பட்ட நியூயார்க்கின் ஃபிளாட்டைரன் கட்டடத்தை, 1904-ல் அந்தி நேரத்தில் படம் எடுத்தார் ஸ்டைக்கன். முதலில் பிளாட்டினம் பிரின்ட். அதன்மேல் பிசினும் நிறமும் ரசாயனமும் கலந்த பூச்சு. நெகட்டிவ் வழியாக வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகும், படாத இடம் தண்ணீரில் கரைந்துவிடும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இதே நெகட்டிவிலிருந்து வந்த மூன்று பிரின்ட்கள் இருக்கின்றன. மூன்றும் மூன்று நிறச்சாயலில்! நெகட்டிவ் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு பிரின்டும் தனிப் படைப்பு. 96 கோடி ரூபாய் அதற்குத்தான்.

பிறகு ஏன் மாறினார்?

முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் வான்வழிப் புகைப்படப் பிரிவில் வேலை பார்த்தார். விமானத்திலிருந்து எடுக்கும் படம் மங்கலாக இருந்தால் யாருக்கும் பயனில்லை. போர் முடிந்து திரும்பியவருக்குப் பழைய பாணி பிடிக்கவில்லை. தன்னிடம் இருந்த சொந்த ஓவியங்களையே தீயில் போட்டார். 1923-ல் வோக், வேனிட்டி ஃபேர் இதழ்களுக்குப் படம் எடுக்கப் போனார். அதாவது, ஒரே படம் ஆயிரக்கணக்கில் அச்சாகும் உலகத்துக்கு.

1947-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் புகைப்படப் பிரிவுத் தலைவரானார். 1955-ல் ‘தி ஃபேமிலி ஆஃப் மேன்’ கண்காட்சியை அமைத்தார். 68 நாடுகள், 503 படங்கள். பல பிரதிகளாக உலகம் சுற்றிய அந்தக் கண்காட்சியை 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். இப்போது லக்சம்பர்க்கின் கிளேர்வோ கோட்டையில் நிரந்தரமாக இருக்கிறது. 1973-ல், 94 வயதை எட்ட இரண்டு நாள் இருக்கும்போது ஸ்டைக்கன் இறந்தார்.

நாம் எதைக் கவனிக்க வேண்டும்?

போட்டோவும் கலைதான் என்று நிரூபிக்க, அது அபூர்வமாக இருக்க வேண்டும் என்று இளமையில் நம்பியவர் இவர். ஏலச் சந்தை இன்றும் அதற்குத்தான் பணம் கொடுக்கிறது. ஆனால் அவரே பாதி வாழ்க்கையை எதிர்த் திசையில் செலவழித்தார், ஒரு படம் எத்தனை பேரைப் போய்ச் சேரும் என்று பார்த்தபடி. அடுத்த முறை நீங்கள் ஒரு போட்டோவை ஷேர் செய்யும்போது, நீங்கள் நிற்பது அந்த இரண்டாவது ஸ்டைக்கன் பக்கம்.